மாற்றுச் சிறுநீரகத்தில் தழும்பு: ஊசி குத்தாமல் ஸ்கேனில் பார்ப்பது எப்படி, அதற்கு நாம் தயாராவது எப்படி

என்னுடைய இடது சிறுநீரகம் இப்போது என் தம்பியின் வலது அடிவயிற்றில் இருக்கிறது. அறுவை முடிந்த நாளில் இருந்து திருப்பாதிரிப்புலியூருக்கும் புதுச்சேரி கோரிமேட்டுக்கும் இடையே ரிவ்யூவுக்காக அலைவது எங்களுக்குப் பழகிவிட்டது. ஃபைல் என் கையில், மாத்திரை டப்பா அவன் கையில். புதிதாக மாற்று அறுவை முடித்து வீடு திரும்பியவர்கள் பஸ்ஸிலும் ஓ.பி. வரிசையிலும் என்னிடம் அடிக்கடி கேட்பது இதைத்தான்: "தழும்பு விழுந்திருக்கான்னு பார்க்கணும், ஸ்கேன் எடுத்துட்டு வாங்கன்னு எழுதிக் கொடுத்திருக்காங்க. அது என்ன ஸ்கேன்?"

அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. மருந்தைக் கூட்டுவது, குறைப்பது பற்றி இதில் ஒரு வரியும் இருக்காது. என்ன ஸ்கேன், எதற்கு, நாம் என்ன செய்தால் அது உருப்படியாக அமையும் என்பது மட்டும்தான்.

தழும்பு என்பது எது

கையில் வெட்டுப்பட்டு ஆறிய இடம் தடித்து, வெளுத்து, கொஞ்சம் இறுகிப் போகும். சிறுநீரகத்துக்குள்ளும் அதே கதைதான். உடல் புதுச் சிறுநீரகத்தை எதிர்க்கும் ரிஜெக்ஷன், பிகே என்னும் வைரஸ் தொற்று, கட்டுப்படாத பிரஷர், சர்க்கரை, அந்த எதிர்ப்பை அடக்க ஆண்டுக்கணக்கில் சாப்பிடும் டேக்ரோலிமஸ் மாத்திரையின் பக்கவிளைவு என்று பல பக்கமிருந்தும் அதற்கு அடி விழுகிறது. ஒவ்வொரு அடியும் ஆறும்போது கொலாஜன் என்னும் நார் கொஞ்சம் கொஞ்சமாகப் படிகிறது. நார் படிந்த இடத்தில் சிறுநீரைப் பக்குவப்படுத்தும் நுண்குழாய்கள் சுருங்கிவிடும். டாக்டர்கள் இதை ஃபைப்ரோசிஸ் என்பார்கள். ஊசி குத்தித் துளி சதை எடுத்துப் பார்க்கும் பயாப்சியின் ரிப்போர்ட்டில் ஐ.எஃப்.டி.ஏ. என்று நான்கு எழுத்தில் இருப்பதும் இதுதான்.

இது சத்தமில்லாமல் நடக்கிறது. மாற்று அறுவையில் தமனியை இணைப்பார்கள், சிரையை இணைப்பார்கள், சிறுநீர்க்குழாயைச் சிறுநீர்ப்பையில் தைப்பார்கள். நரம்பை யாரும் இணைப்பதில்லை. அதனால் உள்ளே தழும்பு விழுந்தால் வலி வந்து சொல்லும் என்று காத்திருக்க முடியாது. ரத்தத்தில் தேங்கும் கழிவைக் காட்டும் கிரியாட்டினின் எண்ணும் தாமதமாகத்தான் சொல்லும். ஒரு சிறுநீரகத்தில் சுமார் பத்து லட்சம் வடிகட்டிகள் இருக்கின்றன. கொஞ்சம் போனால் மிச்சம் இருப்பவை அந்த வேலையையும் சேர்த்து இழுத்துப் பார்க்கும். ரத்தத்தில் எண் ஏறும்போது உள்ளே நிறையவே நடந்து முடிந்திருக்கலாம். எண் ஏறும்வரை காத்திருக்காமல் அவ்வப்போது ஸ்கேனிலும் எட்டிப் பார்ப்பது அதனால்தான்.

முதல் வேலை: நன்றாக இருக்கும்போது எடுத்த ஸ்கேனைப் பத்திரப்படுத்துங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். மாற்றுச் சிறுநீரகத்தைப் பொறுத்தவரை ஸ்கேனில் வரும் எந்த எண்ணும் தனியாக நின்று பெரிதாக எதையும் சொல்லாது. போன வருடம் எவ்வளவு, இப்போது எவ்வளவு என்ற ஒப்பீடுதான் பேசும். ஒருவருக்கு 10 சென்டிமீட்டர் நீளம் இயல்பு, இன்னொருவருக்கு 12. கொடுத்தவர் யார், அவர் வயது என்ன, அவருடைய சிறுநீரகம் எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும். அறுவைக்குப் பிந்தைய மாதங்களில் ஒற்றைச் சிறுநீரகம் இரண்டின் வேலையை ஏற்றுக்கொண்டு சற்றுப் பருப்பதும் உண்டு.

அதனால் காயம் ஆறி, கிரியாட்டினின் ஒரு நிலைக்கு வந்த பிறகு எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டையும் படங்களையும் தொலைத்துவிடாதீர்கள். அப்படி ஒரு ஸ்கேன் எடுக்கவே இல்லை என்றால், அடுத்த ரிவ்யூவில் "பேஸ்லைன் ஸ்கேன் ஒண்ணு எடுத்து வெச்சுக்கலாமா டாக்டர்?" என்று கேளுங்கள். கூடுமானவரை ஒவ்வொரு முறையும் அதே இடம், அதே இயந்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இயந்திரம் மாறினால் எண்ணும் மாறும்.

எங்கள் நோட்டில் ஒரு ஸ்கேனுக்கு இரண்டு வரி எழுதுவோம். இப்படி (ஆர்.ஐ. என்பது ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஓர் எண், கீழே விளக்குகிறேன்):

"வலப்பக்க மாற்றுச் சிறுநீரகம். நீளம் 11.2 செ.மீ. ஆர்.ஐ. 0.68. சிறுநீர் கழித்த பிறகு எடுத்தது. அன்று பிரஷர் 130/80, கிரியாட்டினின் 1.3. மெஷின் பெயர், எடுத்த டாக்டர் பெயர்."

நாற்பது ரூபாய் நோட்டுதான். ஆனால் அதைப் புரட்டிப் பார்க்காத டாக்டரை நான் இதுவரை பார்க்கவில்லை.

ஸ்கேனுக்கு முந்தின நாளும் அன்று காலையும்

மாத்திரையை நிறுத்தாதீர்கள். "வெறும் வயிற்றில் வாங்க" என்று சொன்னாலும், எதிர்ப்பை அடக்கும் மாத்திரைகளை இரண்டு மடக்குத் தண்ணீரில் எப்போதும் போல் போடலாமா என்று உங்கள் மாற்று அறுவைக் குழுவிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். ஸ்கேனுக்காக நீங்களாகவே ஒரு வேளையைத் தவறவிடக் கூடாது. ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும்: அதே நாளில் டேக்ரோலிமஸ் அளவைப் பார்க்க ரத்தம் எடுக்கப் போகிறார்கள் என்றால், ரத்தம் கொடுத்த பிறகுதான் காலை மாத்திரை. முந்தின இரவு எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

அப்புறம் தண்ணீர். இதில் நாங்கள் பட்ட பாடு ஒன்று உண்டு. முதல் வருடம் ஓர் அவசரத்துக்கு, வழக்கமாகப் போகும் இடத்தை விட்டுவிட்டு வேறொரு ஸ்கேன் சென்டருக்குப் போனோம். அடிவயிற்று ஸ்கேன் என்றதும் வாசலிலேயே, "ஒன்றரை லிட்டர் தண்ணி குடிச்சிட்டு அடக்கிட்டு உட்காருங்க" என்றார்கள். கூட்டம் அதிகம். இரண்டு மணி நேரம் தம்பி காலை மாற்றி மாற்றி நின்றான். உள்ளே போனான். ரிப்போர்ட்டில் லேசான ஹைட்ரோநெஃப்ரோசிஸ், அதாவது சிறுநீரகத்துக்குள் சிறுநீர் தேங்கி வீங்கியிருக்கிறது என்று எழுதியிருந்தது. அடைப்பா, இன்னோர் அறுவையா என்று அன்று இரவு முழுக்க வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. மறுநாள் எங்கள் டாக்டர் அவனைச் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லி, வயிற்றில் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் கருவியான ப்ரோப்பை மறுபடி வைத்தார். வீக்கம் இல்லை. சிறுநீர்ப்பை முட்ட முட்ட நிறைந்திருந்ததால் மேலே சிறுநீர் எதிர்த்துத் தேங்கியிருந்தது, அவ்வளவுதான்.

சிறுநீர்ப்பை மிதமாக நிறைந்திருந்தால் போதும். அதில் வீக்கம் தெரிந்தால், சிறுநீர் கழித்துவிட்டு இன்னொரு முறை பார்க்கச் சொல்லிக் கேட்கத் தயங்காதீர்கள். அதற்காகத் தண்ணீரே குடிக்காமலும் போகாதீர்கள். அக்னி நட்சத்திர வெயிலில் கடலூரில் இருந்து பஸ்ஸில் வந்து இறங்கும்போது உடல் வற்றியிருந்தால் கிரியாட்டினினே கூடுதலாகக் காட்டிவிடும்.

இன்னொன்று: மேசையில் படுக்கும் முன்பே, "எனக்கு மாற்றுச் சிறுநீரகம், வலது அடிவயிற்றில் இருக்கிறது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பழைய சிறுநீரகங்களைப் பெரும்பாலும் எடுப்பதில்லை, முதுகுப் பக்கம் சுருங்கிப் போய் அங்கேயே இருக்கும். சொல்லாமல் விட்டால் அவற்றைப் பார்த்து, "இரண்டும் சுருங்கிவிட்டன" என்று எழுதிக் கொடுப்பார்கள். அது உண்மைதான். ஆனால் நமக்கு வேண்டிய தகவல் அது இல்லை.

சாதா அல்ட்ராசவுண்டும் டாப்ளரும்

முதலில் எடுப்பது பெரும்பாலும் இதுதான். மாற்றுச் சிறுநீரகம் தோலுக்கு அருகிலேயே இருப்பதால் நம் சொந்தச் சிறுநீரகத்தைவிட இது தெளிவாகத் தெரியும். சில்லென்று ஜெல் தடவி, தோலில் இருக்கும் அறுவைத் தழும்புக்குப் பக்கத்தில் ப்ரோப்பை வைத்து நீளம், மேற்பட்டையின் தடிமன், உள்ளே சிறுநீர் தேங்கியிருக்கிறதா, சுற்றிலும் நீர் கோத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். ரிப்போர்ட்டில் மூன்று தொடர்களைக் கவனியுங்கள். "கார்ட்டிகல் எக்கோஜெனிசிட்டி இன்க்ரீஸ்டு" என்றால் மேற்பட்டை வழக்கத்தைவிட வெளுப்பாகத் தெரிகிறது. "கார்ட்டிகல் தின்னிங்" என்றால் அது மெலிந்திருக்கிறது. "லாஸ் ஆஃப் கார்ட்டிகோமெடுல்லரி டிஃபரன்சியேஷன்" என்றால் மேற்பட்டைக்கும் உட்பகுதிக்கும் இடையிலான எல்லை மங்கிவிட்டது. தழும்பு நன்றாகப் படிந்த பிறகு இவை தெரியலாம். ஆனால் ஆரம்பத் தழும்பு இந்தப் படத்தில் தெரியாது. அதனால் "ஸ்கேன் நார்மல்" என்ற சொல்லைத் "தழும்பே இல்லை" என்று படித்துவிடாதீர்கள்.

டாப்ளரில் 'டுஷ் டுஷ்' என்று ஒரு சத்தம் கேட்கும். சிறுநீரகத்துக்குள் ரத்தம் பாயும் வேகத்தின் சத்தம் அது. முதல் முறை கேட்டபோது நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்று அழுதுவிட்டேன். என் உடம்பில் ஓடியபோது அதை நான் கேட்டதே இல்லை.

அதில் வரும் எண் ஆர்.ஐ., அதாவது ரெசிஸ்டிவ் இன்டெக்ஸ். கணக்கு எளிது. இதயம் சுருங்கும்போது உள்ள உச்ச வேகத்தில் இருந்து, இதயம் விரியும் கட்டத்தின் கடைசி வேகத்தைக் கழித்து, உச்ச வேகத்தால் வகுப்பது. 40, 10 என்றால் 30ஐ 40ஆல் வகுத்து 0.75. பொதுவாக 0.7க்குக் கீழ் இருந்தால் நல்லது என்பார்கள், 0.8ஐத் தாண்டினால் கவனிப்பார்கள். 2003இல் ஜெர்மனியில் இருந்து வந்த ஓர் ஆய்வு 0.80ம் அதற்கு மேலும் இருந்தவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போகும் வாய்ப்பு அதிகம் என்று சொன்னது. 2013இல் பெல்ஜியத்தின் லூவன் நகரில் இருந்து வந்த ஆய்வு இதைத் திருப்பிப் போட்டது. அந்த எண் சிறுநீரகத்தின் தழும்பைவிட, அதைப் பெற்றவரின் வயதையும் ரத்தக்குழாய்களின் நிலையையும்தான் காட்டுகிறது என்றது அது. ஆகவே வயதான ஒருவருக்கு 0.82 என்று வந்ததும் சிறுநீரகம் போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். அவருக்குப் போன வருடமும் 0.81 இருந்ததா என்று நோட்டைப் பாருங்கள்.

எலாஸ்டோகிராஃபி: தட்டிப் பார்க்கும் ஸ்கேன்

பண்ருட்டியில் பலாப்பழம் வாங்கியவர்களுக்கு இது உடனே புரியும். வியாபாரி பழத்தை வெட்டுவதில்லை. விரலால் தட்டி, ஓசையை வைத்தே காயா பழமா என்று சொல்லிவிடுவார். எலாஸ்டோகிராஃபியும் வெட்டாமல் தட்டிப் பார்ப்பதுதான். அதே அல்ட்ராசவுண்ட் ப்ரோப் உள்ளே ஒரு சின்ன ஒலி அழுத்தத்தை அனுப்பும். அது திசுவில் பக்கவாட்டாக ஓர் அலையைக் கிளப்பும். இறுகிய திசுவில் அலை வேகமாக ஓடும், மெத்தென்ற திசுவில் மெதுவாக ஓடும். அந்த வேகத்தை இயந்திரம் அளக்கிறது. உடம்புக்கு ஒன்றும் தெரியாது, வழக்கமான ஸ்கேன் போலவே இருக்கும். மூச்சைச் சில நொடி நிறுத்தச் சொல்வார்கள். ஆடாமல் நிறுத்திவிடுங்கள், அது முக்கியம். பல முறை அளந்து நடுவில் வரும் மதிப்பை எடுத்துக்கொள்வார்கள்.

எண்ணை எழுதிக்கொள்ளும்போது அலகையும் சேர்த்து எழுதுங்கள். சில ரிப்போர்ட்டில் வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று இருக்கும், சிலவற்றில் கிலோபாஸ்கல். வினாடிக்கு 2 மீட்டர் என்பது ஏறத்தாழ 12 கிலோபாஸ்கல். அலகு தெரியாமல் "ரெண்டு பன்னிரண்டா ஏறிடுச்சு" என்று பதறியவரை எனக்குத் தெரியும்.

இந்த ஸ்கேன் இறுக்கத்தை அளக்கிறது, தழும்பை அல்ல. இரண்டும் ஒன்றில்லை. சிறுநீர் அடைத்துத் தேங்கினாலும் இறுகும். புது ரிஜெக்ஷனில் வீங்கினாலும் இறுகும். சிறுநீரகம் தோலுக்கு அருகில் இருப்பதால் ப்ரோப்பைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலே எண் கூடிவிடும். நுண்குழாய்கள் ஓடும் திசைக்கு நேராக அளந்தால் ஒன்று, குறுக்காக அளந்தால் ஒன்று. ரத்த ஓட்டம் குறைந்தால் மெத்தென்று காட்டும். அதனால்தான் ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை. சிலவற்றில் பயாப்சியோடு ஒத்துப்போயிருக்கிறது, சிலவற்றில் ஒத்துப்போகவில்லை. என் பார்வையில், ஒரே இடத்தில், ஒரே கையால், வருடத்துக்கு வருடம் எடுத்து ஒப்பிட்டால் இது நல்ல துணை. ஒரே ஒரு முறை எடுத்துவிட்டு முடிவெடுக்கும் சோதனை இல்லை. கல்லீரலுக்கு எடுக்கும் ஃபைப்ரோஸ்கேனுக்கு அச்சடித்த அட்டவணை இருக்கிறதே, அதில் சிறுநீரக எண்ணைப் பொருத்திப் பார்க்கவே பார்க்காதீர்கள்.

எம்.ஆர்.ஐ.

இது எல்லோருக்கும் எழுதிக் கொடுக்கும் சோதனை இல்லை. தழும்புக்காக எம்.ஆர்.ஐ. எடுப்பது இன்னும் பெரும்பாலும் ஆராய்ச்சி அளவில்தான் இருக்கிறது. ஆராய்ச்சியில் சேரச் சொல்லி உங்களைக் கேட்டால் அர்த்தம் புரிந்து கையெழுத்துப் போட உதவும் என்பதால் சொல்கிறேன். டிஃப்யூஷன் என்ற முறை திசுவுக்குள் நீர்மூலக்கூறுகள் எவ்வளவு சுதந்திரமாக நகர்கின்றன என்று பார்க்கும். நார் படிந்த இடத்தில் நகர்வு குறையும். போல்ட் முறை ஆக்சிஜனைப் பார்க்கும். டி1 மேப்பிங் திசுவின் தன்மை மாற்றத்தைப் பார்க்கும். எம்.ஆர். எலாஸ்டோகிராஃபி, மேலே சொன்ன தட்டிப் பார்க்கும் வேலையையே எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் அதிர்வு கொடுத்துச் செய்யும். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 1995இல் வெளிவந்த முறை அது. இவை எதற்கும் மருந்து ஊசி தேவையில்லை என்பது நமக்குப் பெரிய நிம்மதி.

படம் தெளிவாகத் தெரிய ஊசியில் மருந்து ஏற்ற வேண்டும் என்று சொன்னால் "கேடோலினியமா?" என்று கேளுங்கள். சிறுநீரக வடிகட்டும் திறன், அதாவது ஈ.ஜி.எஃப்.ஆர்., 30க்குக் கீழ் இருப்பவர்களுக்குப் பழைய வகை கேடோலினியம் மருந்துகளால் தோலும் உள்ளுறுப்பும் இறுகிப்போகும் ஒரு நோய் வந்ததை 2006இல் கண்டுபிடித்தார்கள். இப்போதைய வகைகளில் அந்த ஆபத்து மிகக் குறைவு. ஆனாலும் உங்கள் ஈ.ஜி.எஃப்.ஆர். எண்ணைச் சொல்லிவிட்டு, சிறுநீரக டாக்டருக்குத் தெரிந்துதான் போட வேண்டும். சி.டி.யில் போடும் அயோடின் மருந்துக்கும் இதே எச்சரிக்கை.

உடம்பில் பேஸ்மேக்கர், கிளிப், கம்பி எதுவானாலும் முன்கூட்டியே சொல்லுங்கள். உள்ளே சத்தம் காதைப் பிளக்கும், காதடைப்பான் கேட்டு வாங்குங்கள். குறுகிய இடம் பயம் என்றால் அதையும் சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

டி.டி.பி.ஏ. ஸ்கேன் என்று எழுதிக் கொடுத்தால் அது சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது, சிறுநீர் தடையில்லாமல் இறங்குகிறதா என்று பார்ப்பது. தழும்பின் அளவை அது சொல்லாது.

பயாப்சி செய்ய வேண்டும் என்று சொன்னால்

ஸ்கேன் எல்லாம் எடுத்த பிறகும் ஊசி குத்தித்தான் ஆக வேண்டும் என்றால் "அப்போ ஸ்கேன் எதுக்கு?" என்று கோபம் வரும். எனக்கும் வந்தது. ஆனால் தழும்பை நேரில் பார்ப்பது இன்றுவரை பயாப்சி மட்டும்தான். அதைவிட முக்கியம், தழும்பு எதனால் வந்தது என்பதையும் அதுதான் சொல்லும். ரிஜெக்ஷன் என்றால் ஒரு வைத்தியம், பிகே வைரஸ் என்றால் கிட்டத்தட்ட அதற்கு நேர்மாறான வைத்தியம். படத்தில் இரண்டும் ஒரே மாதிரி தெரியலாம்.

கனடாவின் பான்ஃப் என்ற ஊரில் 1991இல் கூடிய மருத்துவர்கள் வகுத்த முறையில்தான் உலகம் முழுக்க இதற்கு மதிப்பெண் போடுகிறார்கள். மேற்பட்டையில் 6 முதல் 25 சதவீதம் வரை நார் என்றால் சி.ஐ.1, 26 முதல் 50 வரை சி.ஐ.2, 50ஐத் தாண்டினால் சி.ஐ.3. பயாப்சிக்கும் ஒரு குறை உண்டு. பத்து லட்சம் வடிகட்டிகளில் பத்து இருபதுதான் அந்த ஊசியில் வரும். ஊசி பட்ட இடத்தில் தழும்பு இருந்து, பக்கத்தில் இல்லாமலும் போகலாம். சிறுநீரகம் முழுவதையும் பார்ப்பதற்கு ஸ்கேன், ஓர் இடத்தைத் துல்லியமாகப் பார்ப்பதற்குப் பயாப்சி. இரண்டையும் பக்கத்தில் வைத்துத்தான் டாக்டர் முடிவெடுக்கிறார். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் மாதிரி ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிட்டால் பயாப்சி தேதி குறிக்கும் அன்றே சொல்லிவிடுங்கள். குத்திய பிறகு சிறுநீர் சிவப்பாகப் போனால் நர்ஸிடம் உடனே காட்டுங்கள்.

ரிப்போர்ட்டோடு டாக்டரிடம் போகும்போது

ஓ.பி.யில் கிடைப்பது சில நிமிடம்தான். நான் மூன்று கேள்வியை நோட்டில் எழுதிக்கொண்டு போவேன். போன ஸ்கேனுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இந்த மாற்றத்துக்குத் தழும்பைத் தவிர வேறு காரணம் இருக்க முடியுமா? அடுத்து எப்போது, என்ன எடுக்க வேண்டும்? பழைய ரிப்போர்ட்டை மேலேயும் புது ரிப்போர்ட்டை அதன் கீழேயும் வைத்து நீட்டினால் டாக்டர் தேட வேண்டியதில்லை.

ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்கக் கூடாத நாட்கள்

சிறுநீர் திடீரென்று குறைந்தால், காய்ச்சல் வந்தால், இரண்டு நாளில் இரண்டு கிலோ எடை ஏறினால், கால் வீங்கினால், மாற்றுச் சிறுநீரகம் இருக்கும் இடம் புடைத்தால், பிரஷர் வழக்கத்தை மீறி ஏறினால், அடுத்த மாத ஸ்கேன் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வலி மாத்திரையும் போடாதீர்கள், டைக்ளோஃபெனாக் போன்றவை சிறுநீரகத்துக்கு ஆகாது. மாற்று அறுவைக் குழுவுக்கு உடனே போன் போடுங்கள். ராத்திரியில் புதுச்சேரிக்கு வண்டி கிடைக்கவில்லை என்றால் மஞ்சக்குப்பம் அரசுத் தலைமை மருத்துவமனைக்காவது போங்கள். கேஸ் எழுதுபவரிடம் சொல்லும் முதல் வார்த்தை "மாற்றுச் சிறுநீரகம்" என்று இருக்கட்டும். மாத்திரை டப்பாவையும் நோட்டையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அவை இரண்டும் ஒரு மஞ்சப்பையில், வாசல் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகின்றன.